இரண்டு தோட்டத்துக்கும் சேராத கிணறு

தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கேட்டேன். "அந்தப் பொண்ணு விழுந்த கிணறு எங்கம்மா இருக்கு?"

ராக்கம்மா என்ற அந்தப் பெண், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சரிந்து இறங்கும் ரப்பர் பால்மரக் காட்டைக் கைகாட்டினாள். "அந்தா, அங்கதாங்கையா. இப்பத்தான் ஒரு நட தண்ணி எடுத்தாந்தேன். பாத்துப் போங்க, வழுக்கும்."

அவள் சொன்னது எனக்கு உடனே உறைக்கவில்லை. உறைத்தபோது வாயில் இருந்த தேநீரின் இனிப்பு அப்படியே கசந்தது.

"அந்தக் கிணத்துலேர்ந்தா?"

"வேற கிணறு ஏதுங்கையா?" என்றாள். என் கேள்விதான் அவளுக்கு விசித்திரமாகப் பட்டது.

அந்த வாரத்தின் தொடக்கத்தில்தான் அஞ்சலை என்ற பால்வெட்டுக்காரியின் உடலை அதிலிருந்து கயிறு கட்டித் தூக்கியிருந்தார்கள். அஞ்சலைக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் இந்த ராக்கம்மா. மறுநாளே லயத்துக்காரர்கள் அதே கிணற்றில் வாளியை இறக்கியிருக்கிறார்கள். இறக்காமல் என்ன செய்வார்கள்? தோட்டத்துத் தொட்டியில் வரும் தண்ணீர் துருவாடை அடித்தது, அதுவும் வெயில் காலத்தில் நின்றுபோகும்.

இந்தத் தொடரில் இதுவரை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பு, அப்பாவின் விசில், பள்ளிக்கூடத்துப் பாதிரியார் என்று சிரிக்கச் சிரிக்க எழுதிவிட்டேன். இந்த வாரம் சிரிக்க ஒன்றுமில்லை.

"யாருகிட்ட சொல்லியிருக்கணும்?"

கிள்ளானுக்கு வடக்கே, மேரு பக்கம் போகும் செம்மண் சாலையில் இரண்டு ரப்பர் தோட்டங்கள் ஒட்டினாற்போல் இருந்தன. பத்திரத்தில் அவற்றுக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர்கள். நம் ஆட்கள் ஒன்றை ஆத்தோரத் தோட்டம் என்றார்கள், கிழக்கே இருந்ததை மேட்டுத் தோட்டம் என்றார்கள். எனக்கும் அந்தப் பெயர்களே போதும். முதல் உலகச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம்.

மரண விசாரணைக்காக, கிணறு எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று அளந்து சொல்ல நில அளவை ஆபீசிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். அஞ்சலையின் புருஷன் காத்தமுத்து எனக்கு வழிகாட்டி முன்னால் நடந்தார். ஒல்லியான, நெடிய மனிதர். தலையை மொட்டை அடித்திருந்தார். எனக்குப் பின்னால், கோணம் அளக்கும் தியோடலைட் கருவியைத் தோளில் சுமந்தபடி, அளவுச் சங்கிலி பிடிக்கும் ஹம்சா வந்தான்.

கிணறு என்றால் சுற்றுச்சுவரும் ராட்டினமும் உள்ளதாக நினைத்துவிடாதீர்கள். தரையோடு தரையாக ஒரு பள்ளம். தோட்டங்கள் வருவதற்கு முன்பு அங்கே காய்கறி போட்ட சீனர் ஒருவர் தோண்டியதாம். அதன் குறுக்கே இரண்டு தென்னங்கட்டைகளைப் போட்டு, அவற்றின்மேல் நின்றுதான் தண்ணீர் இறைப்பார்கள். ஒரு கட்டை முழுதாக இருந்தது. இன்னொன்றின் பாதி மட்டும் கரையில் நீட்டிக்கொண்டிருந்தது. முறிந்த இடம் ஈரப் புகையிலையைப் போலக் கறுத்து, நார் நாராகத் தொங்கியது.

காத்தமுத்து அந்த முறிந்த கட்டையைக் காலால் தொட்டுக் காட்டினார்.

"உளுத்துப்போச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேங்கையா. எங்க ஆத்தோரத் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணிகிட்ட சொன்னேன். இது நம்ம தோட்டத்துக் கிணறு இல்ல, மேட்டுத் தோட்டத்துதுன்னாரு. சரின்னு மேட்டுக்குப் போனேன். அங்க உள்ள கிராணி, ஒங்க லயத்து ஆளுங்க தண்ணி மோக்குற கிணறு எப்புடிடா எங்களுதாவும்னு தொரத்திவுட்டாரு."

காலை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அளந்து பாத்துச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணுதாங்கையா தெரியணும். நான் யாருகிட்ட சொல்லியிருக்கணும்?"

அளந்துவிட்டால் தெரிந்துவிடும் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு தோட்டங்களுக்கும் எல்லை ஒன்றுதான். எல்லைக்கு இந்தப் பக்கம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம்.

கம்ப்யூட்டர் என்றால் மனிதன்

இப்போது பத்திரிகைகளில் கம்ப்யூட்டர் என்று ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுதுகிறார்கள். என் பேரன் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் கோலாலம்பூரில் நானே ஒரு கம்ப்யூட்டர்தான். நில அளவைக் கணக்குப் போடும் குமாஸ்தாவுக்கு அதுதான் பதவிப் பெயர். லாக் அட்டவணைப் புத்தகம், கூரான பென்சில், வியர்வை சொட்டிக் காகிதம் நனையாமலிருக்க மணிக்கட்டுக்கு அடியில் ஒரு துண்டு. இவைதான் எங்கள் இயந்திரம்.

நாங்கள் போட்ட கணக்கில் பெரும்பகுதி இடம் மாற்றுவது. பயந்துவிட வேண்டாம், எளிதாகச் சொல்கிறேன்.

ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று சொல்ல இரண்டு விஷயங்கள் வேண்டும். எங்கிருந்து எண்ணுகிறோம் என்ற ஒரு தொடக்கம், வடக்கு எது என்ற ஒரு திசை. பழைய நாளில் அளந்தவர்கள் ஆளுக்கொரு தொடக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு ஆற்றுப் பாலத்துக் கல், இன்னொருவருக்குத் தோட்டத்து மூலைக்கல். ஆகவே ஒரே மரத்துக்கு இரண்டு பிளானிலும் வெவ்வேறு எண்கள் வரும். அந்த எண்களையெல்லாம் மாநிலம் முழுவதற்குமான ஒரே தொடக்கத்துக்கும் ஒரே வடக்குக்கும் மாற்றி எழுதுவதுதான் எங்கள் வேலை. ஒரு பிளானைக் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் நகர்த்தி, இன்னொன்றின்மேல் சரியாக உட்கார வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். திருப்ப வேண்டிய கோணத்தையும் நகர்த்த வேண்டிய தூரத்தையும் கண்டுபிடித்துவிட்டால் மீதியெல்லாம் கூட்டலும் கழித்தலும்.

அப்பா ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். நெம்புகோலைத் தள்ளினால் தண்டவாளம் நகரும், வண்டி வேறு பாதையில் போகும். "நீ என்னடா தள்ளுற?" என்று என்னைக் கேட்டார். நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு, "இதனால ஒரு மனுசனுக்கு நல்லதோ கெட்டதோ உண்டா?" என்றார்.

மூன்றாவது நிலம்

காத்தமுத்துவிடம் விடைபெற்று வந்த இரண்டொரு நாளில் கணக்கை எடுத்தேன். மேட்டுத் தோட்டத்துப் பிளான் பழையது. அதை வரைந்த தனியார் சர்வேயர் எப்போதோ காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். ஆத்தோரத் தோட்டத்துப் பிளான் பின்னால் வந்தது. இரண்டையும் நான் அளந்துவந்த கற்களோடு பொருத்தி, மாநிலக் கணக்குக்கு மாற்றினேன். கடைசியாகக் கிணற்றின் இடத்தைக் குறித்தேன்.

ஆத்தோரத் தோட்டத்துக்கு வெளியே விழுந்தது. சரி, அப்படியானால் மேட்டுத் தோட்டம்தான் என்று அந்த எல்லையைப் பார்த்தேன். அதற்கும் வெளியே.

கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருப்பேன் என்று முதலிலிருந்து போட்டேன். அதே இடம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசில் எங்கள் கணக்குப் பகுதிக்குத் தலைவர் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. என் மேசைக்கு வந்து நின்றார்.

"என்ன காணும், முகம் வெளிறிப் போய்க் கிடக்கு?"

சொன்னேன். அவர் என் தாளைப் பார்க்காமல், அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்த் தன் கையால் தனியாகப் போட்டார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். இரண்டு பத்திரங்களையும் பக்கம் பக்கமாக விரித்து வைத்திருந்தார்.

"எல்லைக் கோடு போற கோணத்தைப் பாரும். ரெண்டிலும் ஒரே எண்."

பார்த்தேன். மூலைக்கல்லிலிருந்து வடக்கே போகும் அந்தக் கோட்டுக்கு இரண்டு பத்திரங்களும் ஒரே கோணத்தைத்தான் சொல்லின.

"எண் ஒண்டு. வடக்கு ரெண்டு," என்றார் கந்தையா.

அப்போதுதான் புரிந்தது. பழைய சர்வேயர் காந்த ஊசி காட்டிய வடக்கை வைத்து அளந்திருந்தார். ஊசி இந்தப் பக்கத்தில் கொஞ்சம் கிழக்கே சாயும். பின்னால் வந்தவர் சூரியனைப் பார்த்துக் கண்ட உண்மையான வடக்கை வைத்து அளந்தார். ஆனால் கோணத்தின் எண்ணை மட்டும் பழைய பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதிவிட்டார்கள். மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே ஒரே கல்லில் கிளம்பிய இரண்டு கோடுகள், திறந்த கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளைப் போல, போகப் போக விலகிக்கொண்டே போயின. கிணறு இருந்த இடத்தில் அந்த இடைவெளி ஒரு தெருவின் அகலம் இருந்தது.

அத்தனை வருஷமும் அந்த இடைவெளி யாருக்கும் தெரியாது. பால்மரங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து அதை மூடியிருந்தன.

அன்று வீட்டுக்கு வந்து என் மனைவி லூர்துமேரியிடம் சொன்னேன். இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஏங்க, ரெண்டு வூட்டுக்கு நடுவுல இருக்குற செவுருகூட யாராச்சும் ஒருத்தரோடதா இருக்குமே. ஆளு செத்த எடம் எப்புடிங்க யாருதும் இல்லாம போகும்?"

கிள்ளான் கோர்ட்டில்

மரண விசாரணை அடுத்த வாரம் கிள்ளானில் நடந்தது. காலை மழையில் நனைந்த சட்டைகளின் வாடை கூடத்தை நிறைத்திருந்தது. முன்வரிசையில், தோட்டங்களை நடத்தும் இரண்டு துரைமாரும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிணறு தன்னுடையது என்று தீர்ப்பானால், சுவரில்லாமல் மூடியில்லாமல் அதை ஏன் விட்டுவைத்தாய் என்ற கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். இருவரும் சத்தியம் செய்து, அந்த இடத்துக்கும் தங்கள் தோட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றார்கள். ஆத்தோரத்துத் துரை இன்னும் ஒரு படி மேலே போனார். தன் ஆட்கள் அனுமதியில்லாமல் வெளியிடத்துக்குப் போனால் தன்னால் என்ன செய்ய முடியும் என்றார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பிளானைப் பலகையில் குத்தி, மாற்றிய எண்களை வாசித்தேன்.

மாஜிஸ்திரேட் வயதான வெள்ளைக்காரர். பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இரண்டு தோட்டமும் அடுத்தடுத்து இருப்பவைதானே?"

"காகிதத்தில் அப்படித்தான் ஐயா. தரையில் நடுவே ஆப்பு வடிவத்தில் ஒரு நிலம் இருக்கிறது."

"அது யாருடையது?"

"யாருக்கும் கொடுக்கப்படாதது. அரசாங்க நிலம்."

மேலே துணி விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவர் என்னென்னவோ எழுதினார். தற்செயலான விபத்து, எந்தத் தரப்பும் பொறுப்பில்லை என்று முடிந்தது. கிணற்றைக் கவனிக்கும்படி உரிய இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது.

வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் கண்ட காட்சி இன்றைக்கும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இரண்டு துரைமாரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சுருட்டை வாயில் வைக்க, மற்றவர் குனிந்து தீக்குச்சியைக் காற்றுக்கு மறைத்துப் பற்றவைத்தார்.

காத்தமுத்துவும் அதைப் பார்த்துக்கொண்டு தூணோரமாக நின்றார். உள்ளே நடந்ததெல்லாம் இங்கிலீஷில். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்கவில்லை.

"எந்தத் தொரைங்கையா?" என்றார்.

நான் அவரை ஒதுக்குப்புறமாக அழைத்துப்போனேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், தரையில் குச்சியால் இரண்டு கோடு கிழித்துக் காட்டினேன். நடுவில் ஒரு புள்ளி வைத்தேன்.

அவர் குந்தி உட்கார்ந்து அந்தப் புள்ளியையே பார்த்தார்.

"ரெண்டு பேருதும் இல்லியா?"

"இல்ல. கவர்மென்டு நெலம்."

"கவர்மென்டுன்னா யாருங்கையா? எந்த ஆபீசு?"

எனக்கே தெரியவில்லை. நில ஆபீசா, மாவட்ட ஆபீசா, சுகாதாரமா? இருக்கிறதே தெரியாத நிலத்துக்கு எந்த ஆபீசும் கிடையாது.

"அப்ப நான் யாருகிட்டயும் சொல்லியிருக்க முடியாது," என்றார். என்னைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை. கணக்கு சரியாக வந்ததை ஒப்புக்கொள்ளும் குரலாக இருந்தது. அதுதான் என்னை என்னவோ செய்தது.

ஒரே வாரத்தில் இரண்டு மனுக்கள்

கிணற்றைக் கவனிக்கும் காகிதம் மேசை மேசையாக நகர்ந்தது. முதலில் அந்த ஆப்பு நிலத்தை முறைப்படி அளக்க வேண்டும், பிறகு அது எந்த வகை நிலம் என்று முடிவாக வேண்டும், அதற்குப் பிறகுதான் யார் சுவர் கட்டுவது என்ற பேச்சு. இதற்கிடையே லயத்துக்காரர்களே ஒரு காட்டு மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். ராக்கம்மா இன்னும் அங்கேதான் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சில மாதங்கள் போயின. ஒரு நாள் கந்தையா என்னைக் கூப்பிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்கப் போனவர், அன்று கால்சட்டை போட்டிருப்பது நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டார். அவர் அப்படித் தடுமாறி நான் கண்டதில்லை.

"இதை வாசியும்," என்று இரண்டு காகிதங்களைத் தள்ளினார்.

பரப்பளவு கணக்கிட்டுத் தரும்படி நில ஆபீசு அனுப்பிய மனுக்கள். ஒன்று ஆத்தோரத் தோட்டத்திலிருந்து, மற்றது மேட்டுத் தோட்டத்திலிருந்து. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தவை. இரண்டும் ஒன்றையே கேட்டன. நடுவில் உள்ள அந்த ஆப்பு நிலம் தங்களுக்கு வேண்டும். காரணமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆரம்பத்திலிருந்தே அந்த நிலத்தைத் தாங்கள்தான் பராமரித்து வருகிறார்களாம்.

கோர்ட்டில் சத்தியம் செய்த அதே இரண்டு கைகள் கீழே கையெழுத்துப் போட்டிருந்தன.

நான் உட்கார்ந்துவிட்டேன். தலைவர் முன்னால் அனுமதியில்லாமல் உட்காரும் வழக்கம் எங்கள் ஆபீசில் கிடையாது.

"அப்படி ஒரு நெலம் இருக்குன்னு இவங்களுக்குச் சொன்னதே நான்தானே," என்றேன்.

"நீர் இருக்கிறதைச் சொன்னீர்."

"இருக்கிறதைச் சொன்னதால அந்த ஆளுக்கு என்ன கிடைச்சுது? இவங்களுக்கு நெலம் கிடைக்கப் போகுது."

அவர் பரப்பளவைக் கணக்கிட்டுத் தரச் சொன்னார். அதுதான் எங்களிடம் கேட்கப்பட்டது. நான் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கோப்பு திரும்பிப் போகும்போது, கந்தையா தன் கையெழுத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார். மரண விசாரணையில் இரு தரப்பும் கொடுத்த வாக்குமூலங்களை இந்த மனுக்களோடு சேர்த்துப் பார்க்கவும், நிலத்தைப் பெறுபவர் கிணற்றையும் சேர்த்தே பெற வேண்டும் என்று அதில் இருந்தது. கணக்குப் பகுதிக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று மேலே இருந்து ஒரு கேள்வி வந்ததாகவும், அதற்கு அவர் பதிலே அனுப்பவில்லை என்றும் பின்னால் தெரிந்தது.

அந்தக் குறிப்பு பெரிதாக எதையும் புரட்டிவிடவில்லை. விசாரணையைத் திரும்ப எடுக்கவில்லை. சத்தியம் செய்தவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. மேட்டுத் துரை மட்டும் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நிலம் ஆத்தோரத் தோட்டத்துக்குப் போனது. பத்திரம் கைக்கு வருமுன் கிணற்றுக்குச் சுவரும் மூடியும் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

கடைசிக் கல்

புதிய எல்லைக்குக் கல் நட மறுபடி நானும் ஹம்சாவும் போனோம். இலை உதிர்காலம். பால்மரங்கள் மொட்டையாக நின்றன. காட்டுக்குள் வெயில் நேராக இறங்கியது. காலடியில் சருகுகள் நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கிணற்றைச் சுற்றி இடுப்பளவுக்குச் செங்கல் சுவர் எழும்பியிருந்தது. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. பலகை மூடி ஒன்று சாய்த்து வைத்திருந்தார்கள். கலவை சுமந்து கொடுக்கத் தோட்டத்திலிருந்து அனுப்பிய ஆட்களில் காத்தமுத்துவும் இருந்தார். முடி வளர்ந்திருந்தது. முழங்கை வரை சுண்ணாம்பு பூத்திருந்தது.

என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கல் நடும்போது அவரே வந்து கல்லைப் பிடித்துக்கொண்டார். ஹம்சா மண்ணைத் தள்ளி மிதித்தான்.

"இனிமே இது யாரு கெணறுங்கையா?"

"உங்க தொரையோடது."

"எளுதியாச்சா?"

"எழுதியாச்சு. இந்தக் கல்லு நட்டா முடிஞ்சுது."

கல்லின் தலையில் ஒட்டியிருந்த மண்ணை அவர் விரலால் தேய்த்துவிட்டார். பிறகு, நான் ஏதோ தப்பாகக் கணக்குப் போட்டுவிடுவேனோ என்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"இப்ப ஒருத்தரு விழுந்தா, தொர பதில் சொல்லணுமா?"

"ஆமா. இப்ப விழுந்தா அவருதான் பதில் சொல்லணும்."

காத்தமுத்து தலையை ஆட்டினார். சுவர் வேலை பார்த்தவர் கலவை கேட்டுக் கூப்பிட்டார். காத்தமுத்து எழுந்து சட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"சரிங்கையா," என்றார். "அவதான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டா."

சட்டியோடு நடந்து போனார். ஹம்சா மண்ணை மிதிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. அந்த ஆள் என்ன சொன்னார் என்று மலாயில் கேட்டான். சங்கிலியைச் சுருட்டச் சொன்னேன்.